மேபாக்: இன்ஜின் சூட்டுக்கு வழி கண்டுபிடித்த அநாதைச் சிறுவன்

ஆம்பூர் பைபாஸ். கத்திரி வெயில். மதியம் ரெண்டு மணி. வாணியம்பாடியில் இருந்து வேலூருக்குப் போகும் ஒரு பைக், புளியமர நிழலைத் தேடி ஓரம் கட்டுகிறது. மீட்டரில் சிவப்பு லைட். டேங்குக்குக் கீழே இருந்து புஸ்ஸென்று ஆவி. ஓட்டி வந்த தம்பி இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, என்ன செய்வதென்று தெரியாமல் இன்ஜினையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். கையில் பாதி தண்ணீர் பாட்டில்.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் இருப்பவர்களுக்கு இது புதுக் காட்சி இல்லை. ஷூ கம்பெனிக்கும் டேனரிக்கும் தினமும் பைக்கில் போய் வருகிற ஊர்கள் இவை. ஒரு காலத்தில் இங்கே ஓடியதெல்லாம் காற்றில் குளிரும் இன்ஜின்கள். கொதிப்பதற்கு அதில் தண்ணீரே கிடையாது. இப்போது நிலைமை வேறு. 2008-ல் யமஹா ஆர்15 வந்ததில் இருந்து லிக்விட் கூல்டு பைக்குகள் நம் தெருக்களில் பெருகிவிட்டன. நம்ம சென்னையின் ராயல் என்ஃபீல்டே 2023-ல் ஹிமாலயன் 450 மூலமாக அந்தப் பக்கம் வந்துவிட்டது.

இந்த பைக்குகளின் முன்சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். கறுப்பாக, சல்லடை மாதிரி ஒரு பெட்டி இருக்கும். அதுதான் ரேடியேட்டர். இன்றைய ரேடியேட்டர்களுக்கெல்லாம் முன்னோடியான ஒன்றை உருவாக்கியவரின் பெயரை நீங்கள் நிச்சயம் கேள்விப்பட்டிருப்பீர்கள். கோடிக்கணக்கில் விலை போகும் காரின் பின்பக்கத்தில் பார்த்திருப்பீர்கள். மேபாக்.

அந்தக் காரைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான வில்ஹெல்ம் மேபாக், பத்து வயதில் அப்பா அம்மா இருவரையும் இழந்து ஆசிரமத்தில் வளர்ந்த பையன் என்பது பலருக்குத் தெரியாது. உலகின் முதல் பெட்ரோல் மோட்டார் சைக்கிளை உருவாக்கிய இருவரில் அவரும் ஒருவர். முதல் ஓட்டத்திலேயே அந்த வண்டியின் சீட் தீப்பிடித்தது என்பது அதைவிடச் சுவாரஸ்யம்!

ஆசிரமத்துப் பையன்

1846 பிப்ரவரி 9. ஜெர்மனியின் ஹைல்பிரான் ஊரில் ஒரு தச்சருக்கு மகனாகப் பிறந்தார் வில்ஹெல்ம். ஐந்து ஆண்பிள்ளைகள் இருந்த குடும்பம். வேலை தேடி ஸ்டுட்கார்ட் நகரத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். 1854-ல் அம்மா இறந்துபோனார். ரெண்டே வருஷத்தில் அப்பாவும் போய்விட்டார். ஐந்து பிள்ளைகளும் நடுத்தெருவில்.

ரொய்ட்லிங்கன் என்ற ஊரில் குஸ்தாவ் வெர்னர் என்ற பாதிரியார் ஒரு இல்லம் நடத்திவந்தார். ஆதரவற்ற பிள்ளைகளுக்குச் சோறு போடுவதோடு நிற்காமல், தொழிலும் கற்றுக்கொடுக்கும் இடம் அது. வில்ஹெல்ம் அங்கே போய்ச் சேர்ந்தார். நம்ம ராணிப்பேட்டை, ஆம்பூர் மாதிரியே ரொய்ட்லிங்கனும் தோல் பதனிட்ட ஊர்தான். இங்கே ஆவாரம்பட்டை என்றால் அங்கே ஓக் மரப்பட்டை. நாற்றம் மட்டும் ரெண்டு ஊருக்கும் பொது!

முதலில் பையனை ரொட்டி அடுப்பு வேலைக்கு அனுப்பினார்கள். ஆனால், கிடைத்த காகிதத்தில் எல்லாம் அவன் படம் வரைந்துகொண்டே இருப்பதை வெர்னர் கவனித்தார். அடுப்பில் இருந்து எடுத்து, இல்லத்தின் இயந்திரப் பட்டறையில் வரைபடப் பிரிவில் உட்கார வைத்தார். பகலில் வரைபடம். சாயங்காலத்தில் ஊர்ப் பள்ளியில் கணக்கும் இயற்பியலும். காலேஜ் வாசலை மேபாக் மிதித்ததே இல்லை. மோட்டார் சைக்கிளைக் கழற்றி மாட்டியே பொறியியல் படித்த நம்ம கோவை ஜி.டி.நாயுடுவைப் போல, கையால் படித்த மனிதர்.

1863-ல் அந்தப் பட்டறைக்கு மேலாளராக வந்து சேர்ந்தார் காட்லிப் டெய்ம்லர். மேபாக்கைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். படித்த பொறியாளர், பெரிய கனவுகள், கொஞ்சம் முன்கோபம். டெய்ம்லர் மனதில் நினைப்பதை மேபாக் காகிதத்தில் கொண்டுவந்துவிடுவார். அப்போது ஒட்டிய ஒட்டு, டெய்ம்லர் சாகும்வரை விடவில்லை. 1869-ல் டெய்ம்லர் கார்ல்ஸ்ரூ நகரத்துக்கு வேலை மாறினார். பின்னாலேயே மேபாக்கும் போனார். 1872-ல் கொலோன் பக்கத்தில் உள்ள டொய்ட்ஸ் கம்பெனிக்குப் போனார் டெய்ம்லர். மேபாக்கும் வந்து, அங்கே தலைமை வடிவமைப்பாளர் ஆனார். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு உயிர் கொடுத்த நிக்கோலஸ் ஓட்டோவின் கம்பெனி அது. 1876-ல் ஓட்டோவின் அந்த இன்ஜின் ஓடத் தொடங்கியபோது, அதை விற்கக்கூடிய பொருளாகச் செதுக்கியதில் மேபாக்கின் பங்கு பெரியது.

கள்ளநோட்டு அடிக்கிறார்களா?

டொய்ட்ஸ் கம்பெனி செய்த இன்ஜின்கள் யானை மாதிரி. தரையில் போல்ட் போட்டு இறுக்கி, கேஸில் ஓட்ட வேண்டும். நிமிஷத்துக்கு இருநூறு சுற்றுகூட வராது. வண்டியில் ஏறக்கூடிய சின்ன இன்ஜின் வேண்டும் என்று டெய்ம்லர் நினைத்தார். ஓட்டோவோடு சண்டை முற்றி, 1882-ல் வெளியேறினார். நிரந்தர வேலையை விட்டுவிட்டு மேபாக்கும் கிளம்பினார். அப்போது அவருக்குக் கல்யாணமாகி, சின்னப் பிள்ளை வேறு.

ஸ்டுட்கார்ட் பக்கத்தில் கான்ஸ்டாட் என்ற ஊரில் டெய்ம்லர் வாங்கிய பங்களாவின் தோட்டத்தில், செடி வளர்க்கும் கண்ணாடி வீடு ஒன்று இருந்தது. அதைப் பட்டறை ஆக்கினார்கள். ராத்திரியெல்லாம் சுத்தியல் சத்தம், திரை போட்ட ஜன்னல். உள்ளே என்ன நடக்கிறது என்று வீட்டு ஆட்களுக்கே தெரியாது. தோட்டக்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவர்கள் கள்ளக்காசு அடிக்கிறார்கள் என்று போலீஸில் சொல்லிவிட்டார். போலீஸும் வந்து திறந்து பார்த்தது. கருவிகளும் இன்ஜின் பாகங்களும்தான் இருந்தன!

அந்தக் கண்ணாடி வீட்டில் பிறந்த இன்ஜின் நிமிஷத்துக்கு 600 சுற்று ஓடியது. இன்று நம் பைக்குகள் 9,000 சுற்றுக்கு மேல் போகின்றன, 600 எல்லாம் ஐடிலிங்கில்கூட வராது. ஆனால், அன்றைக்கு அது மூச்சை நிறுத்தும் வேகம்.

தீப்பிடித்த சீட்

இந்தச் சின்ன இன்ஜினை எதில் பொருத்திப் பார்ப்பது? முழு வண்டி கட்டக் காசும் நேரமும் ஆகும். மரச்சட்டத்தில் ரெண்டு சக்கரம், விழாமல் இருக்க பக்கத்துக்கு ஒரு குட்டிச் சக்கரம், நடுவில் இன்ஜின், அதற்கு மேலே குதிரைச் சேணம் மாதிரி ஒரு தோல் இருக்கை. இன்ஜினில் இருந்து சக்கரத்துக்குச் சக்தி போனதும் தோல் பெல்ட் வழியாகத்தான். செயின் எல்லாம் பிறகு வந்தவை. உலகின் முதல் பெட்ரோல் மோட்டார் சைக்கிளில் தோலின் பங்கு இவ்வளவு என்று தெரிந்தால், ஆம்பூர்காரர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்!

264 சிசி. அரைக் குதிரை சக்தி. உச்ச வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர். 1885 நவம்பரில் டெய்ம்லரின் மகன் அதில் ஏறி, கான்ஸ்டாட்டில் இருந்து பக்கத்து ஊர்வரை ஓட்டினார். அப்போதுதான் சீட் தீப்பிடித்தது.

காரணம் எளிது. அப்போது ஸ்பார்க் பிளக் இப்படிக் கிடையாது. ஒரு சின்னக் குழாயைத் தீச்சுடரால் எப்போதும் பழுக்கக் காய்ச்சி வைத்திருப்பார்கள். அந்தச் சூட்டில்தான் பெட்ரோல் ஆவி பற்றும். அந்த நெருப்பு, உட்காருபவருக்கு நேர் கீழே. குளிர்விக்கக் காற்று மட்டும்தான். இன்றைக்கு டிராஃபிக்கில் தொடை சுடுகிறது என்று புலம்பும் பைக்காரர்கள், அந்தப் பையனை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கலாம்.

அங்கே தொடங்கிய வேலையை மேபாக் அடுத்த 15 வருஷம் விடவில்லை. இன்ஜின் வேகம் கூடக் கூட, சூடும் கூடும். அந்தச் சூடு எந்த வழியாக வெளியே போகும்?

பெட்ரோலில் பாதிக்கு மேல் சூடுதான்

இங்கே ஒரு நிமிஷம் நின்று, நம் பைக்குக்கு வருவோம். நீங்கள் நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால், ஏறக்குறைய முப்பது ரூபாய்தான் சக்கரத்தைச் சுற்றும் வேலைக்குப் போகிறது. இன்னொரு முப்பது, சைலன்ஸர் வழியாகச் சூடாக வெளியேறுகிறது. மீதியில் பெரும்பங்கு இன்ஜினின் உலோகத்தில் இறங்குகிறது. சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் வெப்பம் 2,000 டிகிரியைத் தாண்டும். பிஸ்டன் செய்த அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். சூட்டை நொடிக்கு நொடி வெளியே எடுக்காவிட்டால் பிஸ்டன் வீங்கி, சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். இன்ஜின் சீஸ் ஆயிடுச்சு என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான்.

ஆரம்பகால வண்டிகளில் இதற்கு ஒரே வழி, தண்ணீரைக் கொதிக்க விட்டு ஆவியாக்குவது. தீர்ந்தால் மறுபடி ஊற்ற வேண்டும். கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா, 1888-ல் மகன்கள் இருவரோடு நூறு கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டிப் போன உலகப் புகழ்பெற்ற பயணத்தில், வழி நெடுக ஓடையிலும் கிணற்றிலும் தண்ணீர் பிடித்து ஊற்றிக்கொண்டே போனார். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வாங்கி அடித்ததும் அதே பயணத்தில்தான்.

1894-ல் மியூனிக்கில் வேறு சிலர் வரிசையாகத் தயாரித்து விற்ற முதல் மோட்டார் சைக்கிளும் தண்ணீரில் குளிர்ந்ததுதான். அதன் பின்சக்கர மட்கார்டே தண்ணீர்த் தொட்டி! ஆக, லிக்விட் கூல்டு பைக் என்பது நேற்று வந்த ஃபேஷன் இல்லை. பிரச்னையும்தான்.

நடனக் கூடத்தில் ஒரு பட்டறை

மேபாக் வேறு வழியில் யோசித்தார். 1889-ல் அவர் வரைந்த எஃகுச் சக்கர வண்டியில், வண்டியின் சட்டமாக இருந்த குழாய்களுக்குள்ளேயே தண்ணீரைச் சுற்ற விட்டார். தண்ணீரைத் தீர்க்க வேண்டாம், சூட்டை மட்டும் காற்றிடம் இறக்கி வைத்துவிட்டு அதே தண்ணீர் திரும்பி வரட்டும் என்ற எண்ணம். இன்றைய பைக்குகள் எல்லாம் நடப்பது இந்த ஒரு வரியில்தான்.

அதற்குள் வாழ்க்கை வேறு பக்கம் இழுத்தது. காசு போதாமல், 1890-ல் முதலாளிகளைச் சேர்த்துக்கொண்டு டெய்ம்லர் கம்பெனி பெரிதாக்கப்பட்டது. வந்த முதலாளிகளுக்கு வண்டியில் ஆர்வமில்லை. தரையில் நிற்கும் பழைய பாணி இன்ஜின் விற்றால் போதும். மேபாக்குக்கு அவர்கள் கொடுத்த ஒப்பந்தம், கையெழுத்துப் போட முடியாத மாதிரி இருந்தது. 1891-ல் வெளியே வந்துவிட்டார். தன் கம்பெனிக்குள்ளேயே ஓரங்கட்டப்பட்டிருந்த டெய்ம்லர், மேபாக்குக்கு ரகசியமாகப் பணம் கொடுத்தார். மூடிக்கிடந்த ஒரு ஓட்டலின் கூடத்தை வாடகைக்கு எடுத்து, சில ஆட்களோடு மேபாக் வேலையைத் தொடர்ந்தார். பெட்ரோலைத் தெளித்துக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் அங்கேதான் உருவானது.

பெரிய கம்பெனியோ, திறமைசாலி போனதால் திணறியது. 1895-ல் இங்கிலாந்து வியாபாரி ஒருவர் 3,50,000 மார்க் கொடுத்து உரிமம் வாங்க வந்தார். டெய்ம்லர் திரும்பி வந்தால்தான் பணம் என்று நிபந்தனை போட்டார். டெய்ம்லர் வந்தார். கூடவே மேபாக்கும், இந்த முறை தொழில்நுட்பத் தலைவராக.

ஒரு சாவும் ஒரு ஆர்டரும்

1900 மார்ச் 6. டெய்ம்லர் காலமானார். முப்பத்தைந்து வருஷத்துக்கும் மேலாக நிழல் மாதிரி கூட இருந்தவர் போய்விட்டார். அந்த மாதம் முடிவதற்குள் இன்னொரு இடி. பிரான்ஸின் நீஸ் நகரத்துக்குப் பக்கத்தில் நடந்த மலையேற்றப் பந்தயத்தில், டெய்ம்லர் கம்பெனியின் ஃபோர்மேன் ஒருவர் விபத்தில் இறந்தார். வண்டி உயரம், கனம் அதிகம், வளைவில் நிற்கவில்லை.

கார் பந்தயமே வேண்டாம் என்று கம்பெனி நினைத்தது. ஆனால் எமில் யெல்லினெக் என்ற பணக்கார வாடிக்கையாளர் விடவில்லை. வண்டி தாழ்வாக இருக்கட்டும், அகலமாக இருக்கட்டும், இன்ஜின் இன்னும் வலுவாக இருக்கட்டும், 36 வண்டிகள் எனக்கே கொடுங்கள் என்று 5,50,000 மார்க்குக்கு ஆர்டர் போட்டார். கூடவே ஒரு கண்டிஷன், வண்டிக்குத் தன் மகளின் பெயரை வைக்க வேண்டும். அந்தச் சின்னப் பெண்ணின் பெயர் மெர்சிடிஸ்.

வேலை மேபாக்கின் தலையில். 35 குதிரை சக்தி. அவ்வளவு சூட்டையும் ஒரு தாழ்வான வண்டியில் எப்படித் தணிப்பது? பழைய முறையில் வண்டிக்கு 18 லிட்டர் தண்ணீர் தேவைப்பட்டது. தண்ணீரைக் கூட்டினால் கனம் கூடும். கனம் கூடினால் ஆளைக் கொன்ற அதே பழைய வண்டிதான் திரும்ப வரும்.

மேபாக் தண்ணீரைக் கூட்டவில்லை, காற்று தொடும் பரப்பைக் கூட்டினார். 6 மில்லிமீட்டருக்கு 6 மில்லிமீட்டர் அளவில் சின்னச் சின்னச் சதுரக் குழாய்கள். மொத்தம் 8,070. எல்லாவற்றையும் அடுக்கிப் பற்றவைத்து, வண்டியின் முகப்பில் நிறுத்தினார். குழாய்களுக்குள்ளே காற்று. குழாய்களுக்கு நடுவே உள்ள இடுக்கில் தண்ணீர். பின்னால் ஒரு ஃபேன், வண்டி மெதுவாகப் போகும்போதும் காற்றை இழுக்க. பார்க்கத் தேன்கூடு மாதிரி இருந்ததால், தேன்கூட்டு ரேடியேட்டர் என்றே பெயர் வந்துவிட்டது.

18 லிட்டர், 9 லிட்டர் ஆனது. வலு கூடியது, தண்ணீர் பாதியானது!

1901 மார்ச்சில் நீஸ் நகரப் பந்தயங்களில் மெர்சிடிஸ் எல்லோரையும் ஓரங்கட்டியது. கார் என்பது குதிரை இல்லாத வண்டி என்ற நிலை மாறி, இன்று நாம் பார்க்கும் உருவத்துக்கு வந்தது அந்த வண்டியில்தான். பிரெஞ்சுக்காரர்கள் மேபாக்குக்கு வடிவமைப்பாளர்களின் அரசன் என்று பட்டம் கொடுத்தார்கள். ஆனால் வண்டியில் இருந்த பெயர், கம்பெனி டெய்ம்லர், கார் மெர்சிடிஸ். 8,070 குழாய்களை வரைந்தவரின் பெயர் எங்கேயும் இல்லை.

அரசனும் வெளியே

நண்பர் இல்லாத கம்பெனியில் மேபாக்கின் பிடி தளர்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுப்புகள் வேறு கைக்குப் போயின. 1907-ல், 61 வயதில், அந்தக் கம்பெனியை விட்டு வெளியே வந்தார். நம் ஊர் ஆட்கள் என்றால் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்துவிடும் வயசு. இவர் ஆகாயத்தைப் பார்த்தார். கவுன்ட் செப்பலின் கட்டிய ராட்சத ஆகாயக் கப்பல்களுக்கு இன்ஜின் செய்ய, 1909-ல் மகன் கார்லை முன்னிறுத்திப் புதுக் கம்பெனி தொடங்கினார். முதல் உலகப் போருக்குப் பிறகு அந்தக் கம்பெனி காருக்குத் திரும்பியது. 1921-ல் மகன் வடிவமைத்த கார் வெளிவந்தபோதுதான், மேபாக் என்ற பெயர் ஒரு காரில் ஏறியது. அப்போது அப்பாவுக்கு 75 வயது.

காலேஜ் படிக்காத அவருக்கு, ஸ்டுட்கார்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1916-ல் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 1929 டிசம்பர் 29 அன்று, 83 வயதில் மறைந்தார். கான்ஸ்டாட்டில், டெய்ம்லர் புதைக்கப்பட்ட அதே கல்லறைத் தோட்டத்தில்தான் அவரும் இருக்கிறார். அந்த முதல் மோட்டார் சைக்கிள் இன்று இல்லை. 1903-ல் கான்ஸ்டாட் ஃபேக்டரியில் நடந்த தீ விபத்தில் எரிந்துபோனது. மியூசியங்களில் இருப்பவை எல்லாம் அதைப் பார்த்துச் செய்தவை. கடைசியில் அந்த வண்டியை நெருப்பு விடவேயில்லை.

புளியமரத்தடிக்கு வருவோம்

ஆம்பூர் பைபாஸில் ஒரு தம்பியை நிற்க வைத்துவிட்டு வந்தோமே, அவர் என்ன செய்ய வேண்டும்?

முதலில், ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். இன்ஜினை அணைத்துவிட்டு, அரை மணி நேரமாவது ஆற விட வேண்டும். கையில் இருக்கும் தண்ணீரை இன்ஜின் மேல் ஊற்றக் கூடாது. கொதிக்கும் உலோகத்தில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வளையலாம், விரியலாம். அந்தத் தண்ணீரை அவர் குடிப்பது நல்லது.

மிக முக்கியம், ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. உள்ளே இருப்பது அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட். குக்கர் மாதிரிதான். அழுத்தம் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த அந்த நொடி, மொத்தமும் கொதித்து முகத்தில் பாயும். வெயில் காலத்தில் இப்படிக் கை, முகம் வெந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் உண்டு.

நன்றாக ஆறிய பிறகு, செலவில்லாததில் தொடங்கிச் செலவு அதிகமானதை நோக்கிப் போக வேண்டும். நல்ல மெக்கானிக் பாய் யாராக இருந்தாலும் இந்த வரிசையில்தான் பார்ப்பார்.

ஒன்று, கூலன்ட் பாட்டிலின் அளவுக்கோடு. குறைந்திருந்தால் எங்கேயோ கசிகிறது. ஹோஸ், கிளிப், வாட்டர் பம்புக்குக் கீழே பச்சையாகவோ சிவப்பாகவோ கறை இருக்கிறதா என்று பார்க்கலாம்.

ரெண்டு, ரேடியேட்டரின் முகம். மேபாக் காற்று போக 8,070 ஓட்டைகள் வைத்தார். இன்றைய ரேடியேட்டரில் அமைப்பு தலைகீழ், தட்டையான குழாய்க்குள் கூலன்ட், வெளியே மெல்லிய ஃபின்களுக்கு நடுவே காற்று. ஆனால் கணக்கு அதேதான். அந்த இடுக்கில் சேறு, பூச்சி, லாரி கிளப்பும் தூசி அப்பிக்கொண்டால் காற்று போக வழியில்லை. பைக்குகள் கொதிக்க இது ஒரு சர்வ சாதாரணக் காரணம். மெல்லிய தண்ணீரில் கழுவினாலே போதும். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டே வைத்து அடித்தால் ஃபின் மடங்கி, இருந்த வழியும் அடைபடும்.

மூணு, ஃபேன். ஹைவேயில் ஓடும்போது சரியாக இருந்து, ஆம்பூர் கடைத்தெரு நெரிசலில் மட்டும் கொதித்தால் சந்தேகம் ஃபேன் மேல்தான். பல நேரம் சில ரூபாய் ஃபியூஸ் போயிருக்கும்.

நாலு, தெர்மோஸ்டாட். இன்ஜின் கொதிக்கிறது, ரேடியேட்டரோ தொட்டால் ஆறிப்போய் இருக்கிறது என்றால், அந்தக் கதவு திறக்கவில்லை என்று அர்த்தம்.

கடைசியாக, வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கெட். ஆயில் பால்காப்பி நிறத்துக்கு மாறினாலோ, சைலன்ஸரில் விடாமல் வெள்ளைப் புகை வந்தாலோ, வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் லோடு ஏற்றிக்கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம்.

உப்புத் தண்ணீர் வேண்டாம்

நம்ம பகுதிக்கென்றே ஒரு எச்சரிக்கை உண்டு. கூலன்ட் குறைந்தால் பக்கத்துப் போர்வெல்லில் தண்ணீர் பிடித்து ஊற்றுவது பலரின் பழக்கம். பாலாற்றங்கரையின் நிலத்தடி நீர் எப்படி ஆனது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டேனரிக் கழிவால் கிணறுகள் உப்பானதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம்வரை போய், 1996-ல் தீர்ப்பு வாங்கியது. மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய வழக்கு அது.

அந்த உப்புத் தண்ணீர் ரேடியேட்டருக்குள் போனால், குழம்புப் பாத்திரத்தில் படிவதுபோல உள்சுவரில் படியும். அலுமினியத்தை அரிக்கும். வெளியே சேறு அடைப்பது போல, உள்ளே உப்பு அடைக்கும். அவசரத்துக்குக் கேன் தண்ணீரை ஊற்றி ஊர்போய்ச் சேரலாம். அதன் பிறகு அதை வடித்துவிட்டு, கம்பெனி சொன்ன கூலன்ட்டையே நிரப்புவது நல்லது. ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். எந்த இடைவெளி என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். அதைப் பெரும்பாலானவர்கள் திறந்ததே இல்லை என்பது வேறு கதை!

வேலூர்ப் பக்கம் வெயில் குறையப்போவதில்லை. பைக்குகளின் வலுவும் குறையப்போவதில்லை. ஆகவே சூடு இருக்கும். அது வெளியே போக வழி இருக்கிறதா என்பதை மட்டும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் பிரியாணியை முடித்துவிட்டு, பைக் நன்றாக ஆறியபிறகு, ஒரு பழைய டூத் பிரஷ்ஷோடு முன்சக்கரத்துக்குப் பின்னால் குனியுங்கள். பத்து நிமிஷ வேலை. அந்த ஃபின்களுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால், ரொய்ட்லிங்கன் ஆசிரமத்துப் பையன் தொடங்கி வைத்த வேலை உங்கள் வண்டியில் ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம்.